தெளிந்த நீரும் தெளியாத மனமும்

நுழையும்முன்

அறியாதவர்க்கு ஒன்றைக் கற்பிப்பது எளிது. தவறாக அறிந்து, அதுவே உண்மையென உறுதிகொண்டவர்க்கு உண்மையை உணர்த்துவது அரிது. படித்தவர், பட்டறிவு மிக்கவர், நல்ல உள்ளம் உடையவர் ஆகியோரும் சில வேளைகளில் பிழையான நம்பிக்கையை விடாது பற்றிக்கொள்கின்றனர். அதற்குக் காரணம் என்ன? அந்நிலையிலிருந்து நம்மைக் காத்துக்கொள்ள இயலுமா? பின்னலாடை நகரமாகிய திருப்பூரும் அதன் வழியே ஓடும் நொய்யல் ஆறும் கற்பித்த பாடத்தின் வழியே இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஆறும் ஊரும்

மேற்குத்தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் கலக்கிறது. காஞ்சிமாநதி என்பது இதன் பழம்பெயர். பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் என்னும் ஊர், இந்த ஆற்றின் கரையில் உள்ள இன்றைய கொடுமணல் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பழங்காலத்திலேயே தொழிலும் வணிகமும் தழைத்த ஆற்றங்கரை இது.

அந்த மரபின் தொடர்ச்சியெனச் சொல்லத்தக்க வகையில், இருபதாம் நூற்றாண்டில் திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் முன்னணிக்கு வந்தது. தொடக்கத்தில் உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளைப் பனியன்களே மிகுதியாக உருவாயின. 1980களில் ஏற்றுமதி பெருகியபோது வண்ண ஆடைகளின் தேவையும் பெருகியது. ஆற்றின் இருமருங்கும் ஓடைகளை ஒட்டியும் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் எழுந்தன. வறண்ட நிலத்தில் மழையை நம்பிக் காத்திருந்த பல்லாயிரம் குடும்பங்களுக்கு அத்தொழில் சோறிட்டது. வேறு மாவட்டங்களிலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் மக்கள் வேலை தேடி வந்தனர். ஊரின் இவ்வளர்ச்சி உழைப்பால் விளைந்தது; அதனைக் குறைத்து மதிப்பிடுவது முறையாகாது.

ஆனால், பருத்தித் துணிக்குச் சாயமேற்ற நீர் மிகுதியாக வேண்டும். உப்பும் மிகுதியாக வேண்டும். நீரில் கரைந்துள்ள சாயம் துணி இழையை நாடிச் சென்று பற்றிக்கொள்ள உப்பு துணைசெய்கிறது. சாயம் துணியில் ஏறிய பிறகும் உப்பு முழுவதும் நீரிலேயே தங்கிவிடுகிறது. அந்த நீர் நெடுங்காலம் நொய்யலிலும் அதன் ஓடைகளிலும் விடப்பட்டது.

1992ஆம் ஆண்டு, பாசனத்திற்காக நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. வயலுக்கு நீர் தருவதற்காகக் கட்டப்பட்ட அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. நீரைத் திறந்துவிடுங்கள் என வேண்ட வேண்டிய உழவர்கள், திறந்துவிடாதீர்கள் என வேண்டும் நிலை ஏற்பட்டது. கிணறுகள் உவர்த்தன. உப்பேறிய மண்ணில் வேர்கள் நீரை உறிஞ்ச இயலாமல் பயிர்கள் வாடின.

மூன்று நம்பிக்கைகள்

இவ்வளவும் கண்முன் நிகழ்ந்தபோதும், நிலைமை மாறப் பல ஆண்டுகள் ஆயின. தீய எண்ணமே அதற்குக் காரணம் எனச் சொல்லிவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிடும். ஆனால், உண்மை புலப்படாது. அக்காலத்தில் பலரும் மெய்யெனக் கொண்டிருந்த மூன்று நம்பிக்கைகளைக் காண்போம்.

முதலாவது, ‘ஆறு தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும்’ என்பது. இது முற்றிலும் பொய்யன்று. ஓடும் நீரில் உயிர்வளி கலக்கிறது. நுண்ணுயிரிகள் மக்கும் பொருள்களைச் சிதைக்கின்றன. முன்னோர் இதனைக் கண்டறிந்தே ஓடும் நீரைப் போற்றினர். ஆனால், உப்பு மக்கும் பொருளன்று. அதனை எந்த நுண்ணுயிரியும் உண்டு தீர்ப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் குன்றியிருக்கும் நொய்யலுக்கு அதனை அடித்துச் செல்லும் வலிமையும் இல்லை. ஒரு சூழலில் உண்மையாக இருந்த பட்டறிவு, வேறொரு சூழலில் பிழையாயிற்று.

இரண்டாவது, ‘தெளிந்த நீர் தூய நீர்’ என்பது. 1990களின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. அவை சாயநீரின் நிறத்தைப் பெரிதும் நீக்கின, கசடைப் பிரித்தெடுத்தன. சிவப்பாகவும் நீலமாகவும் உள்ளே சென்ற நீர், வெளிறிய நீராக வெளியே வந்தது. காண்பவர்க்குச் சிக்கல் தீர்ந்தது போலவே தோன்றியது. ஆனால், கரைந்திருந்த உப்பு அப்படியே இருந்தது. கண்ணுக்குத் தெரியும் நிறம் போயிற்று. கண்ணுக்குத் தெரியாத கேடு போகவில்லை. வெளியேற்றப்படும் நீரில் கரைந்துள்ள திண்மங்கள் ஒரு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்த அளவைக் கண்ணால் அறிய இயலாது. கருவியால்தான் அறிய இயலும்.

மூன்றாவது, ‘கழிவுநீரை முழுவதும் மீட்டெடுத்துப் பயன்படுத்த முடியாது, வற்புறுத்தினால் தொழிலே அழியும்’ என்பது. ஆறா, வேலையா என்னும் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் எனப் பேசப்பட்டது. மூன்றாவது வழி ஒன்று இருக்கக்கூடும் என்னும் எண்ணத்திற்கே அங்கு இடமில்லை.

இவற்றுக்கு எதிரான சான்று தொலைவில் இருக்கவில்லை. ஊரின் நிலத்தடி நீர் சாயமேற்றவே பயன்படாத அளவுக்குக் கெட்டுப்போனதால், பட்டறைகளுக்குப் பிற ஊர்க் கிணறுகளிலிருந்து லாரிகளில் நீர் கொண்டுவரப்பட்டது. விலைக்கு வாங்கிய ஒவ்வொரு லாரி நீரும் ஆறு தன்னைத் தூய்மை செய்துகொள்ளவில்லை என்பதற்குச் சான்று. எனினும், அச்சான்று செலவுக் கணக்கில் எழுதப்பட்டதே தவிர, நம்பிக்கையை மாற்றும் கணக்கில் எழுதப்படவில்லை.

மாற்றம் வந்த வழி

பாதிக்கப்பட்ட உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீர் சிறிதும் வெளியேறாத நிலையை 2007 சூலை 31ஆம் நாளுக்குள் எய்த வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2006 திசம்பரில் ஆணையிட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் மேலும் மூன்று திங்கள் காலக்கெடு அளித்தது. அதன் பின்னரும் நிலை சீராகாமையால், 2011 சனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

அந்த ஆண்டு திருப்பூருக்குக் கடினமான ஆண்டு. வேலை இழந்தோர் பலர். வேற்றூர்களுக்குத் துணியை அனுப்பிச் சாயமேற்றிக் கொணர வேண்டியிருந்தது. சிறு பட்டறைகள் சில மீண்டும் திறக்கப்படவே இல்லை. மூன்றாவது நம்பிக்கையில் இருந்த அச்சம் முழுவதும் கற்பனையன்று என்பதனை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால், ‘முடியாது’ என்னும் சொல் பொய்த்தது. எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில், அழுத்தத்தின் மூலம் நுண்சவ்வு வழியே கழிவுநீர் செலுத்தப்பட்டு, நல்ல நீர் மீட்கப்பட்டது. எஞ்சிய செறிந்த உப்புநீர், ஆவியாக்கிகளில் காய்ச்சப்பட்டது; அல்லது தூய்மை செய்யப்பட்டு மீண்டும் சாயத்தொட்டிக்கே கொண்டுசெல்லப்பட்டது. கழிவெனக் கருதப்பட்ட உப்புநீர் மூலப்பொருளாயிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் வழங்கியது. பட்டறைகள் படிப்படியாக மீண்டும் இயங்கின.

2010ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் 12,000 கோடி ரூபாய் அளவில் இருந்த திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி, 2024-25ஆம் நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயை எட்டியது. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் இது வளர்ச்சியே. அழிந்துவிடும் என அஞ்சப்பட்ட தொழில் அழியவில்லை. இன்று, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறையைத் தம் சிறப்பாக எடுத்துக்கூறி வெளிநாட்டு வணிகரை அழைக்கிறது அதே தொழில்துறை.

இக்கதை குறையேதும் இன்றி முடிந்துவிட்டது எனக் கருதுதலும் மற்றொரு பிழையான நம்பிக்கையே ஆகும். பிரித்தெடுத்த கலப்பு உப்பையும் கசடையும் என்ன செய்வது என்பது இன்றும் சிக்கலே. நொய்யலில் நுரை கண்டால் ‘சாயக்கழிவு’ என ஒரே சொல்லில் முடிவுகட்டுவோரும் உளர். கோயம்புத்தூர், திருப்பூர் நகரங்களின் வீட்டுக் கழிவுநீரும் அந்த ஆற்றில் கலக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. குற்றம் முழுவதும் பட்டறையின்மீது இருந்தால், நம் வீட்டுச் சாக்கடையைப் பற்றி நாம் கவலைகொள்ள வேண்டியதில்லை அன்றோ?

தெரிந்து தெளிவோம்

மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதை ‘சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை’ ஆகும். வஞ்சி நகரில் மணிமேகலை அளவைவாதி முதல் பூதவாதி வரையிலான பல்வேறு கொள்கையினரின் கருத்துகளைக் கேட்டறிகிறாள். அளவைவாதி கூறும் அறிவுக் குற்றங்கள் எட்டு. அவற்றுள் மூன்று: திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல்.

ஏன் பற்றிக்கொள்கிறோம்?

பிழையான நம்பிக்கை நிலைத்து நிற்பதற்குப் பல தூண்கள் துணைநிற்கின்றன. முதல் தூண் பிழைப்பு. ஒரு செய்தி உண்மையானால் நம் வருவாய் குறையும் என்னும்போது, அச்செய்திக்கு நாம் கேட்கும் சான்றின் அளவு கூடிவிடுகிறது. நமக்கு உகந்த செய்திக்கோ ஒருவர் வாய்ச்சொல்லே போதுமானதாகிறது. தராசு ஒன்றே, ஆனால், இருவகைப் படிக்கற்களைப் பயன்படுத்துகிறோம். இதனைத் திட்டமிட்டுச் செய்வதில்லை. நாம் அறியாமலேயே இது நிகழ்கிறது. அதனால்தான் நேர்மையானவரும் இதில் சிக்குகின்றனர்.

இரண்டாவது தூண், நம் கருத்தை உறுதிசெய்யும் சான்றை மட்டும் தேடும் இயல்பு. இலண்டனில் பீட்டர் வேசன் என்னும் உளவியலாளர் நடத்தி, 1960இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. 2, 4, 6 என்னும் எண்களைக் கொடுத்து, இவற்றின் பின்னுள்ள விதியைக் கண்டறியுமாறு அவர் கேட்டார். பங்கேற்றோர் வேறு மூன்று எண்களைச் சொல்லி, அவை விதிக்குப் பொருந்துமா எனக் கேட்டுக்கொள்ளலாம். 8, 10, 12 என்றால் பொருந்தும். 20, 22, 24 என்றாலும் பொருந்தும். ‘இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்’ என்பதே விதி எனப் பலர் முடிவுசெய்தனர். உண்மையான விதியோ, ‘ஏறுவரிசையில் அமைந்த எவையேனும் மூன்று எண்கள்’ என்பதாகும். தம் கருத்துக்குப் பொருந்தாத 1, 7, 50 போன்ற எண்களைச் சொல்லிப் பார்த்திருந்தால் பிழை உடனே வெளிப்பட்டிருக்கும். முதல் முயற்சியிலேயே சரியான விதியைச் சொன்னவர்கள் 29 பேரில் 6 பேரே. மற்றவர்கள் அறிவு குறைந்தவர்கள் அல்லர். தம் கருத்து பொய்யாகக்கூடிய இடத்தில் அதனைச் சோதிக்கவில்லை, அவ்வளவே.

மூன்றாவது தூண், முன்பு செய்த செயலை நியாயப்படுத்தும் மனம். அமெரிக்க உளவியலாளர் லியோன் பெஸ்டிங்கர் 1957இல் இதனை ஒரு கோட்பாடாக விளக்கினார். நம் செயலும் நம் அறிவும் முரண்படும்போது உள்ளத்தில் நெருடல் உண்டாகிறது. புகைபிடிப்பவர் புகை உடலுக்குத் தீங்கு என அறியும்போது இரு வழிகள் உள்ளன. புகைப்பதை விடலாம், அல்லது தீங்கு அவ்வளவு பெரிதன்று எனத் தம்மைத்தாமே தேற்றிக்கொள்ளலாம். இரண்டாவது வழி எளிது. ஆண்டுகள் ஏற ஏற, ஒப்புக்கொள்ள வேண்டிய தவற்றின் அளவும் ஏறுகிறது. ஆகவே, நெடுங்காலம் கொண்டிருந்த நம்பிக்கையை விடுவது மேலும் கடினமாகிறது.

நான்காவது தூண் கூட்டம். சங்கக் கூட்டத்திலும் தேநீர்க் கடையிலும் உறவினர் வீட்டு விழாவிலும் அனைவரும் ஒன்றையே சொல்லும்போது, அதனை மறுத்துப் பேசுபவர் கருத்தை மட்டும் எதிர்ப்பதில்லை; தம் மக்களையே எதிர்ப்பவராகக் கருதப்படுகிறார். பிழையென அறிந்தும் வாய்மூடி இருப்போர் மிகும்போது, பிழைக்கு ஒருமித்த ஆதரவு இருப்பதுபோன்ற தோற்றம் உண்டாகிறது.

வதந்தி விளைவித்த அச்சம்

ஆண்டுக்கணக்கில் வேரூன்றும் நம்பிக்கைகள் ஒருபுறம் இருக்க, ஒரே நாளில் வேர்விடும் நம்பிக்கைகளும் உண்டு. அதனையும் திருப்பூர் கண்டது. 2023 மார்ச்சு முதல் வாரத்தில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்னும் செய்தி காணொளிகளுடன் பரவியது. அவற்றுள் ஒன்று, திருப்பூரில் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் தமக்குள் மோதிக்கொண்ட நிகழ்வு. மற்றொன்று, கோயம்புத்தூரில் உள்ளூர் மக்கள் தமக்குள் மோதிக்கொண்ட நிகழ்வு. இரண்டும் முன்னரே நிகழ்ந்தவை. எதிலும் வடமாநிலத்தவரை உள்ளூர் மக்கள் தாக்கவில்லை எனத் தமிழகக் காவல்துறைத் தலைவர் விளக்கினார்.

அவ்வேளையில் ஹோலிப் பண்டிகை நெருங்கியிருந்தது. ஆண்டுதோறும் அப்பண்டிகைக்குச் சொந்த ஊர் செல்வோரால் திருப்பூர் இரயில் நிலையம் நிறைந்திருப்பது வழக்கம். அந்த ஆண்டும் நிறைந்திருந்தது. ஆனால், வதந்தியை நம்பியோர் கண்களுக்கு அக்கூட்டம் உயிருக்கு அஞ்சி ஓடும் கூட்டமாகத் தோன்றியது. வழக்கமான காட்சியே, கொண்டிருந்த நம்பிக்கையால் சான்றாக மாறியது. தொலைவில் பீகாரில் இருந்த தாய்மார்கள் அஞ்சினர். இங்கிருந்த தொழிலாளர்கள் அறைக்குள் முடங்கினர். பீகார் அரசு அலுவலர் குழு ஒன்று தமிழகம் வந்து, திருப்பூர் உள்ளிட்ட இடங்களில் தொழிலாளர்களை நேரில் கண்டு பேசியது. உண்மை தெளிந்தது. ஆயினும், வதந்தி ஒரு நொடியில் கடந்த தொலைவை உண்மை பல நாள் நடந்து கடக்க வேண்டியிருந்தது.

இதற்கு எதிர்த்திசையிலும் வதந்தி உண்டு. அதே ஆண்டு சனவரியில் திருப்பூரில் நிகழ்ந்த கைகலப்பைக் காட்டும் காணொளி, ‘வடமாநிலத்தவர் தமிழரைத் துரத்துகின்றனர்’ எனப் பரவியது. தனிமனிதரிடையே நிகழ்ந்த சச்சரவு இரு மொழியினரிடையே நிகழும் போராகக் காட்டப்பட்டது. ஒரே ஊர், இரு வதந்திகள். ஒவ்வொரு தரப்பும் தனக்கு உகந்ததை நம்பி, மற்றதைப் பொய்யென ஒதுக்கியது. பிழையை எளிதில் நம்பும் குறை எந்த ஓர் இனத்திற்கும் மொழிக்கும் உரிமையானதன்று.

முன்னோர் கண்ட அறிவுக் குற்றங்கள்

மனத்தின் இக்குறைகளை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். மணிமேகலையில் அளவைவாதி கூறும் அறிவுக் குற்றங்களைச் சற்று நுணுகி நோக்குவோம். சிப்பியைக் கண்டு வெள்ளி எனக் கொள்வது திரியக்கோடல். தொலைவில் தெரிவது தறியோ மனிதனோ என முடிவுசெய்ய இயலாமல் தடுமாறுவது ஐயம். ஆராய்ந்து பாராமலேயே அத்தறியை மனிதன் எனத் துணிவது தேராது தெளிதல்.

பளபளப்பைக் கொண்டு சிப்பியை வெள்ளி எனக் கருதுவதற்கும், தெளிவைக் கொண்டு உவர்நீரை நன்னீர் எனக் கருதுவதற்கும் வேறுபாடு இல்லை. காணொளியின் தலைப்பை மட்டும் படித்து முடிவுக்கு வருவது தேராது தெளிதலே. ஐயமும் ஒரு குற்றமாகவே எண்ணப்பட்டுள்ளது என்பது கருதத்தக்கது. எதையும் நம்பாமல் எப்போதும் ஐயத்திலேயே நிற்பது அறிவாகாது. அருகில் சென்று தொட்டுப் பார்த்துத் தறியா, மனிதனா எனத் தெளிவதே அறிவு. ஐயத்தைப் போக்கும் வழியும், அவசரத் துணிவைத் தடுக்கும் வழியும் ஒன்றே, அஃது ஆராய்தல்.

திறந்த மனம் என்பது யாது?

திறந்த மனம் என்பது கதவில்லாத வீடு போன்றது எனச் சிலர் எண்ணுகின்றனர். யார் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வது திறந்த மனம் அன்று, அஃது ஏமாளித்தனம். கொள்கை உறுதியும் திறந்த மனமும் பகை அல்ல. ஒரு கருத்தை உறுதியாகக் கொண்டிருக்கலாம். அதனை மாற்றக்கூடிய சான்று எது என்பதையும் உடன் அறிந்திருக்க வேண்டும். ‘எச்சான்று கிடைத்தாலும் என் கருத்து மாறாது’ என ஒருவர் சொல்வாராயின், அவர் கொண்டிருப்பது முடிவு அன்று, பிடிவாதம்.

இம்மனநிலை வெறும் நல்லெண்ணத்தால் வந்துவிடாது. சில பழக்கங்களால் வளர்க்கப்பட வேண்டும். முதற்பழக்கம், எதிர்ச்சான்றை எழுதி வைத்தல். தம் கொள்கைக்கு மாறான செய்தியோ எண்ணமோ தோன்றினால் உடனே குறித்துக்கொள்வதைச் சார்லசு டார்வின் தம் வழக்கமாகக் கொண்டிருந்தார். உகந்த செய்திகளைவிட உகவாத செய்திகள் விரைவில் மறந்துபோகும் என்பதைப் பட்டறிவால் கண்டதே அதற்குக் காரணம் எனத் தம் தன்வரலாற்றில் அவர் கூறியுள்ளார். தம் நினைவாற்றலைவிடத் தம் குறிப்பேட்டை அவர் நம்பினார்.

இரண்டாவது பழக்கம், அளந்து பார்த்தல். ‘நீர் நன்றாகத்தான் இருக்கிறது’, ‘நீர் கெட்டுவிட்டது’ என்னும் இரு தரப்புச் சொற்களும் முடிவின்றி மோதிக்கொண்டிருக்கும். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்னும் எண் கிடைத்தபின், வாதம் வேறு தளத்திற்கு நகர்கிறது. அளக்கும் கருவிக்குக் கட்சி இல்லை. ஆனால், கருவியை எங்கு வைப்பது என்பதை மனிதரே முடிவுசெய்கின்றனர். ஆகவே, அளவீடு இரு தரப்பும் காண வெளிப்படையாக நிகழ வேண்டும்.

மூன்றாவது பழக்கம், முழுக்கருத்தையும் ஒரே கட்டாகக் கட்டாமை. சாயப்பட்டறையாளர் அச்சத்தில் ‘செலவு மிகும்’ என்பது மெய். ‘இயலவே இயலாது’ என்பது பொய். இரண்டையும் பிரித்துப் பேசியிருந்தால், செலவை யார் ஏற்பது என்னும் பயனுள்ள வினாவை முன்னரே எழுப்பியிருக்கலாம். எதிர்த்தரப்பின் கூற்றில் மெய்யான பகுதியை ஒப்புக்கொள்வது தோல்வி அன்று, உரையாடலின் தொடக்கம்.

நான்காவது பழக்கம், பகிர்வதற்கு முன் பொறுத்தல். இக்காணொளி எங்கு, எப்போது எடுக்கப்பட்டது? இதனை முதலில் சொன்னவர் யார்? இதே செய்தி என் தரப்பைக் குறைகூறுவதாக இருந்தால் இதனை நம்புவேனா? இம்மூன்று வினாக்களைக் கேட்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம், ஊர் ஒன்றின் அமைதியைக் காக்க வல்லது.

ஐந்தாவது, தவற்றை ஒப்புக்கொள்வோரை மதித்தல். கருத்தை மாற்றிக்கொண்டவரை ‘நேற்று வேறு சொன்னாயே’ என எள்ளும் இடத்தில் எவரும் கருத்தை மாற்றிக்கொள்ள முன்வரமாட்டார். வகுப்பறையிலும் வீட்டிலும் பொதுவாழ்விலும் ‘இப்போது எனக்கு விளங்குகிறது’ என்னும் சொல்லுக்கு மதிப்பளிக்கப்பட வேண்டும். உள்ளத்தின் கதவை உள்ளிருப்பவர்தான் திறக்க இயலும். வெளியில் இருப்பவர் அதற்கான துணிவைத் தரலாம்.

தலைமடையின் கடமை

இத்தனை பழக்கங்களும் நம் அறிவைச் செம்மை செய்வதற்காக மட்டும் அல்ல. அவற்றின் தேவை அறத்தைச் சார்ந்தது. பிழையான நம்பிக்கையின் விலையை எப்போதும் நம்புகிறவரே கொடுப்பதில்லை. ‘ஆறு தன்னைத் தூய்மை செய்துகொள்ளும்’ என நம்பியவர்கள் பெரும்பாலும் ஆற்றின் மேற்பகுதியில் இருந்தனர். விலை கொடுத்தவர்கள் கீழ்ப்பகுதியில் கிணறும் நிலமும் இழந்தனர். காணொளியைப் பரப்பியவர்கள் தொலைவில் இருந்தனர். அஞ்சி ஒடுங்கியவர்கள் திருப்பூரின் வாடகை அறைகளில் இருந்தனர்.

வேளாண்மையில் தலைமடை, கடைமடை என்னும் வழக்கு உண்டு. நீர் முதலில் பாய்வது தலைமடையில். இறுதியில் எட்டுவது கடைமடையில். தலைமடையில் இருப்பவர் செய்யும் பிழை அவர் வயலில் தெரியாது. ஆகவே, தம் நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் கடமை அவருக்கே மிகுதி. கடைமடையிலிருந்து எழும் குரலை இடையூறு எனக் கருதாமல், தம் கண்ணுக்குப் புலப்படாததைக் காட்டும் சான்று எனக் கருத வேண்டும். நொய்யல் கரையில் உழவர்களின் குரல் அவ்வாறு முன்பே கேட்கப்பட்டிருந்தால், 2011இல் ஒரே நாளில் பட்டறைகள் அனைத்தையும் மூட நேர்ந்திராது. தொழிலாளர் இழந்த ஊதியமும் உழவர் இழந்த விளைச்சலும் ஓரளவேனும் தப்பியிருக்கும்.

இன்று பதினோராம் வகுப்பில் பயிலும் நீங்கள் நாளை தொழில்முனைவோராகவோ, பொறியாளராகவோ, அலுவலராகவோ, இதழாளராகவோ ஆவீர்கள். ஏதேனும் ஒரு வகையில் யாருக்கேனும் தலைமடையில் நிற்பீர்கள். உங்கள் முடிவு ஒன்றால் பாதிக்கப்படுபவர் உங்கள் முன் வந்து நிற்கும்போது, ‘இவர் நம்மை எதிர்ப்பவர்’ என ஒதுக்குவதும், ‘இவர் கிணற்று நீரை நாமே சென்று அளந்து பார்ப்போம்’ எனப் புறப்படுவதும் உங்கள் கையில் உள்ளது. இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்கும் மனமே கற்றதனால் பண்பட்ட மனம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் நெடுங்காலமாக நம்பப்படும் செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குச் சார்பான சான்றுகளையும் எதிரான சான்றுகளையும் இரு பத்திகளில் தொகுக்க.

2. ‘சுற்றுச்சூழலா, வேலைவாய்ப்பா?’ என்னும் வினாவில் விடுபட்ட மூன்றாவது வழி குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. திறன்பேசி வழியே உங்களுக்கு வந்த செய்தி ஒன்றின் உண்மைத் தன்மையை நீங்கள் எவ்வாறு சோதிப்பீர்கள் என்பதைப் படிநிலைகளாக எழுதுக.